மஞ்சள் ஸ்கூட்டரில் வந்த பாட்டு

பாடியது, கிதார் மீட்டியது, புல்லாங்குழல் ஊதியது, தாளம் போட்டது, பதிவு செய்தது, உறையை வடிவமைத்தது எல்லாம் ஒரே ஆள். கடைசியில் கேசட்டுகளைத் தன் மஞ்சள் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய்க் கொடுத்ததும் அவரேதான். 1984இல் கோவாவின் சியோலிம் கிராமத்து வீடு ஒன்றிலிருந்து வெளியான 'கோவன் கிரேஸி' என்ற ஆங்கில பாப் ஆல்பம் இப்படித்தான் கேட்பவர்களைச் சென்றடைந்தது. ஆள், ரெமோ பெர்னாண்டஸ். பம்பாயில் கட்டடக் கலை படித்துவிட்டு, ஐரோப்பாவில் ஊர் சுற்றிப் பாடிவிட்டுத் திரும்பியவர். அப்போது வயது 31.

பம்பாயின் இசைத்தட்டு கம்பெனிகள் அதற்கு முன்பே கைவிரித்திருந்தன. அவர்களுடைய கணக்கும் புரியாததல்ல. அன்றைய சந்தையில் முக்கால்வாசி சினிமாப் பாட்டு. மிச்சத்தில் கஜலும் பக்தியும். ஆங்கிலப் பாட்டு என்றால் வெளிநாட்டுப் பாட்டை ஓட்டல் மேடையில் அச்சு அசலாகப் பாடுவது. சொந்தமாக எழுதிய ஆங்கிலப் பாட்டை, அதுவும் கோவாக்காரர் ஒருவர் தன் ஊரைப் பற்றிப் பாடுவதை, எந்த அலமாரியில் வைப்பது?

பெர்னாண்டஸுக்குக் கைகொடுத்தது ஒரு ஜப்பானியப் பெட்டி. 'போர்ட்டாஸ்டுடியோ' என்ற அந்த ரகக் கருவி 1979இல்தான் சந்தைக்கு வந்தது. சாதாரண கேசட்டில் பக்கத்துக்கு இரண்டு தடங்கள்; டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறோம். இந்தப் பெட்டியோ நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தும். முதலில் கிதார். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் தாளம், அதற்கடுத்ததில் குரல். நான்கு தடங்கள் போதாவிட்டால் மூன்றை நான்காவதில் சேர்த்துவிட்டு, காலியான மூன்றில் மீண்டும் தொடங்கலாம். இதில் சிக்கல் உண்டு. சேர்த்ததைப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு சேர்ப்பிலும் டேப்பின் இரைச்சல் ஒரு படி ஏறும். கம்ப்யூட்டரில் நூறு தடங்களில் வேலை செய்யும் இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியாது.

இன்னொன்றும் மாறியிருந்தது. இசைத்தட்டு அச்சடிக்க ஆலை வேண்டும். கேசட்டைப் பிரதி எடுக்க இரண்டு ரெக்கார்டர்கள் போதும். இதே கதவு வழியாகத்தான் டெல்லியிலிருந்து குல்ஷன் குமாரின் டி சீரிஸும் நுழைந்து பெரிய கம்பெனிகளைக் கலங்கடித்தது. ஆனால் அவர் பெருக்கியது பெரும்பாலும் சினிமாவையும் பக்தியையும்தான். தன் குரலுக்காக மட்டுமே அந்தக் கதவைத் திறந்தவர்கள் மிகக் குறைவு.

பலன் சீக்கிரமே தெரிந்தது. போதைப் பழக்கத்துக்கு எதிரான 'பேக் தட் ஸ்மாக்' ஆல்பத்தை 1986இல் வெளியிட்டது சிபிஎஸ். ஸ்கூட்டரில் கேசட் சுமந்தவரை ஒரு பெரிய கம்பெனி தேடி வந்துவிட்டது.

ஆனாலும் நாடெங்கும் அவர் குரலைக் கொண்டுபோனது சினிமாதான். 1987இல் 'ஜல்வா'. பிறகு 1995இல் 'பம்பாய்' படத்தின் இந்திப் பதிப்புக்காக ரஹ்மான் இசையில் பாடிய 'ஹம்மா ஹம்மா'. தமிழில் அந்த மெட்டை ரஹ்மானே பாடிவிட்டதால், சென்னையில் கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு குரல். மும்பைத் தாராவியில் இந்தியில் கேட்ட தமிழர்களுக்கு இன்னொன்று. அந்த இன்னொரு குரலுக்குரியவருக்கு 2007இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்றும் பெர்னாண்டஸ் என்றதும் பலர் முணுமுணுப்பது 'ஹம்மா'வைத்தான், சியோலிம் வீட்டில் பதிவானவற்றை அல்ல.