நீலகிரி ரயிலும் ஒரு தீப்பொறியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் உதகைக்கும் ஏறிய மலை ரயிலைக் காந்திபுரத்து நேயர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு செங்குத்தில் ஏறும் கரி எஞ்சின், புகைபோக்கி வழியே கனலும் துணுக்குகளையும் வீசும். மாசி, பங்குனியில் உலர்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதாதா?

பிற்பாடு எண்ணெய் எரிக்கும் எஞ்சின்கள் வந்து இவ்வபாயம் வெகுவாகக் குறைந்தது. எனினும் 2021-ல் பொன்மலைத் தொழிற்சாலை மறுபடியும் ஒரு கரி எஞ்சினைச் செய்து தந்தது. கரிப்புகையின் மணத்துக்காக ஏங்கும் ரசிகர்களின் ஆசை நமக்குப் புரியாமலில்லை. ஆனால் புகைபோக்கியின் கம்பிவலையும், இருப்புப்பாதையோரம் வெட்டிய புல்லும் அதைவிட முக்கியம்.

பழியெல்லாம் ரயிலுக்கே என்பதும் நியாயமன்று. 2024 மார்ச்சில் குன்னூர்க் காடு நாட்கணக்கில் எரிந்தது. சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து நீர் பொழிந்தது. தேயிலைத் தோட்டமொன்றில் குப்பைக்கு வைத்த நெருப்பே அதற்குக் காரணம் என்று செய்தி வந்தது.