மணலுக்குள் ஒரு கீல்

திருகோணமலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பாவின் பென்டகன் சிக்ஸ் கமராவில் இருந்த 80 மி.மீ. லென்ஸ் சும்மா கிடக்கிறது. டில்ட்-ஷிஃப்ட் அடப்டர் போட்டுப் புதுக் கமராவில் மாட்டினால், கோணேசர் கோயிலைச் சாயாமல் எடுக்கலாமா?"

கோயிலுக்காக என்றால் வாங்காதீர்கள். 6x6 ஃபிலிமுக்காகச் செய்த அந்த லென்ஸ் வீழ்த்தும் ஒளிவட்டம் ஏறத்தாழ 79 மி.மீ.; முழுச்சட்டக சென்சரின் மூலைவிட்டமோ 43 மி.மீ. தான். ஆகவே கமராவை அண்ணாத்தாமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த இடம் தாராளம். ஆனால் பார்வை அகலாது. நுழைவாயில் சிவன் சிலையின் அடியில் நின்றால் 80-க்குள் சிலை அடங்காது. 45 மி.மீ. வாங்கினாலும் புதுக் கமராவில் அது சாதாரண லென்ஸ்தான். எந்தப் பழைய லென்ஸும் கட்டட லென்ஸாகிவிடும் என்ற விளம்பரம் இதைச் சொல்வதில்லை. ஊரைப் பொம்மையாகக் காட்டும் படங்களுக்கோ கைப்பேசிச் செயலியே போதும்.

அந்த அடப்டரின் அருமை லென்ஸைச் சாய்ப்பதில்தான். பென்டகன் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 74.1 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், கெனன் இ.எஃப். கமராவில் அந்தத் தூரம் 44. மிஞ்சும் 30 மி.மீ. இடைவெளியில்தான் சாய்க்கும் பொறி உட்கார்ந்திருக்கிறது.

லென்ஸைச் சாய்க்கும் விதியில், பிரான்சின் ஜூல் கார்பென்டியே 1901-இல் தொட்டதை ஒஸ்திரியக் கப்டன் தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-இல் கணக்காக்கினார். வரலாறு இவ்வளவு போதும்.

இனி உங்கள் ஊர்த் திருக்கடலூர்க் கடற்கரை மணலுக்கு வாருங்கள். காலடியில் நெத்தலி காய்கிறது, அப்பால் வள்ளங்கள். இரண்டும் தெளிவாக வேண்டும். தெளிவு என்பதை ஒரு கதவாக நினையுங்கள். சாதாரண லென்ஸில் அது உங்களுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும். லென்ஸை முன்பக்கம் சாய்த்ததும் அதற்குக் கீல் முளைக்கிறது, லென்ஸுக்கு நேர் கீழே. லென்ஸ் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் 80-ஐ 1500-ஆல் வகுங்கள்; வருவது சாய்வுக் கோணத்தின் சைன், அதாவது சுமார் 3 பாகை. அவ்வளவு சாய்த்தால் கீல் சரியாக மணலில் பதியும். ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக்குத் திருப்பினால் கதவு மணலோடு மணலாகப் படுக்கும். கிட்டத் திருப்பினால் கதவின் மறுமுனை எழும். இந்தக் கதவுக்குத் தடிப்பும் உண்டு: கீலில் தாளளவு, போகப்போகப் பெருகும். எஃப் 8-இல், 27 மீட்டர் தள்ளிக் கிடக்கும் வள்ளம் மணலிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் வரை தெளிவாகும். கருவாட்டின் கண்ணும் வள்ளத்தில் எழுதிய பெயரும் ஒரே படத்தில்! கமராத் திரையில் அந்தக் கதவு படுப்பதை முதன்முறை பார்த்தபோது எனக்குப் படம் எடுக்கவே மறந்துபோயிற்று.

அதனால் 8 பாகை, 10 பாகை என்ற பெருமைக்கு மயங்கவேண்டாம். உங்களுக்குத் தேவை 3. அது 2-ஆகத் தளர்ந்தால் கீல் 80 செ.மீ. மண்ணுக்குள் இறங்கிவிடும். அடப்டர் குழாயின் உட்புறம் மங்கல் கறுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்சருக்கு வெளியே விழும் மிச்ச ஒளி அங்கே பட்டுத் தெறித்துப் படத்தை வெளிற வைக்கும்.

கடைக்குப் போகும்போது லென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். மாட்டி, 3 பாகையில் பூட்டி, லென்ஸின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் வாங்காதீர்கள்.