மலாயாவின் மருத்துவத் தடங்கள் – 9: இரண்டாவது பெயர்

சென்ற வாரம் கிள்ளானில் மலேரியாவை அடக்கிய மால்கம் வாட்சனைப் பார்த்தோம். 1901இல் அந்த இளம் மருத்துவருக்குத் துணை நின்ற மேலதிகாரி டிராவர்ஸ். இருவரும் சேர்ந்தே பின்னாளில் கட்டுரை எழுதினார்கள். இந்த வாரம் இன்னொரு ஜோடி.

1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் கினிப்பன்றிகளிடையே கொள்ளைநோய் பரவியது. காரணம் தேடிய ஸ்டான்டனும் பிளெட்சரும், ரங்கூனில் மனிதர்களைக் கொன்ற ஒரு கிருமிதான் இது என்று கண்டார்கள். 1921இல் அந்த நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

ரங்கூனில் அதை முதலில் இனங்கண்டவர்கள் ஆல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். பிணப் பரிசோதனை மேசைக்கு வந்த பரம ஏழைகளின் உடல்களில், அதுவரை யாரும் விவரிக்காத ஒரு நோயைப் பார்த்தார்கள். 1912இல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. மறு ஆண்டு வந்த விரிவான கட்டுரையில் விட்மோர் பெயர் மட்டுமே. நோயையும் ‘விட்மோர் நோய்’ என்றே அழைத்தார்கள். கிருஷ்ணசாமி அடிக்குறிப்போடு நின்றுவிட்டார். எனக்கு இது ஆறாத வருத்தம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காலனி ஆட்சிக்கால மருத்துவமனை ஒன்றில் மேலதிகாரி தன் உதவியாளரின் பெயரையும் சேர்த்து அச்சிட்டதால்தான் இன்று நமக்கு அந்தப் பெயராவது தெரிகிறது.

இந்த நோயைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. நீரிழிவுக்காரர்களை எளிதில் பிடிக்கும். மலேசியாவில் நீரிழிவு அதிகம் இருப்பது நம் இந்தியரிடம். சோதனைத் தட்டில் இந்தக் கிருமி வளரும்போது, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆஷ்டவுன் ஊடகத்தில் வளர்த்து, சில நாள் பொறுத்திருந்தால் ஊதா நிறத்தில், காய்ந்த பூப்போலச் சுருங்கிய திட்டுகள் தெரியும். அதைப் பலமுறை பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று, “தூக்கிப் போடாதே, இன்னும் இரண்டு நாள் வை” என்று சொல்லவேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். சாவித்திரி புதுச்சேரி, பராசக்தி முதலியோர் 1992இல், இரத்தத்தில் கிருமி பரவிய 50 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். 2002இல் புதுச்சேரியும் ஜமுனா வடிவேலுவும் இந்த நோய்க்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள்.

இன்று கிள்ளான் அரசு மருத்துவமனையின் வார்டில் நிற்கும் மாணவருக்கு டிங்கி, காசநோய், எலிச்சிறுநீர்க் காய்ச்சல் எதுவும் புதிதல்ல. 2019இல் மட்டும் நாட்டில் 1,30,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். ஆனால் தொற்றுநோய்த் துறைக்குப் போக வேண்டுமானால் முதலில் பொது மருத்துவத்தில் நிபுணராகி, அதற்குமேல் இன்னும் சில ஆண்டுகள் பயில வேண்டும். 2016 முதல் வந்த ஒப்பந்த நியமனம் அந்த வழியில் இன்னொரு கல். படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனோ எம்.ஐ.இ.டி. கடனோ கிடைக்கலாம். விடுமுறையில் இரண்டு மாதம் ஆய்வுக்கூடத்தில் உட்கார நினைக்கும் பிள்ளைக்கு பிரிக்பீல்ட்ஸில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் கொடுப்பது?

அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் அறக்கட்டளை மருத்துவ மாணவர்களுக்கென்றே உதவித்தொகை வைத்திருக்கிறது. மாணவர் தனியாக விண்ணப்பிப்பதில்லை. வழிகாட்டி ஒருவரோடு சேர்ந்துதான். நம் சங்கங்களும் ஆலயங்களும் கல்வி நிதி திரட்டுவதில் சளைத்தவை அல்ல. சில ஆயிரம் வெள்ளி ஒதுக்கி, வழிகாட்டியின் கையெழுத்தையும், வெளிவரும் கட்டுரையில் மாணவர் பெயர் இருக்கும் என்ற உறுதியையும் கேட்டு வாங்கலாம். பட்டமளிப்பு நாளில் மாலை போடுவதைவிட, மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இதுதான் பயன்படும்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில், லாம் சாய் கிட்டின் தலைமையில் பணியாற்றிய சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து வளர்த்த கிருமியோடு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். நிப்பா என்று உலகம் அறிந்த அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)