தன் எடையிலேயே நீளும் கண்ணாடி

“ஒளியிழைக் கண்ணாடி எத்தனை டிகிரியில் உருகும்?” என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஈயம் என்றால் 327 டிகிரி செல்சியஸ் என்று சொல்லிவிடலாம். கண்ணாடிக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. சூடேறச் சூடேற அது இளகிக்கொண்டே போகும். ஆகவே எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை, அதாவது அதன் பாகுநிலையை, அளக்கிறார்கள். அம்மா சர்க்கரைப் பாகை இரு விரலிடையே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பாரே, அதே சோதனைதான்.

இதை எண்ணாக்கிய முறைகளில் என்னைக் கட்டிப்போட்டது, அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்து இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனுடையது. (அவர் மனைவி பேட்டரிக் குடுவையின் அடிப்பாகத்தில் கேக் சுட்டதுதான் பைரெக்ஸ் பாத்திரங்களுக்குத் தொடக்கம்.) அரை மில்லிமீட்டருக்குச் சற்றே தடித்த, 23.5 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடி நூலைத் தொங்கவிடுகிறார்கள். மேல் 10 சென்டிமீட்டர் உலைக்குள் இருக்கும். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்ற, நூல் நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் நீளும் கட்டம் வரும். அதுவே மென்மைநிலை. அப்போதும் அது தண்ணீரைவிடச் சுமார் 400 கோடி மடங்கு கெட்டியான பாகு!

எடைக்கல் எதுவும் கட்டுவதில்லை. நூலின் எடையே அதை இழுக்கிறது. நூல் தடித்தால் எடை கூடுமே, கணக்குத் தப்பாதா? தப்பாது. எடை கூடும் அதே விகிதத்தில் அதைத் தாங்கும் குறுக்குப் பரப்பும் கூடுகிறது; ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மிக மெலிந்த நூலில் மட்டும் பரப்பு இழுவிசை குறுக்கிட்டு அதைச் சுருக்கப் பார்க்கும். அதனால்தான் தடிமனுக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

சன்னல் கண்ணாடி 700 டிகிரியை ஒட்டியே மென்மைநிலைக்கு வந்துவிடும். ஒளியிழைக்கான சிலிக்காவுக்கு 1600-க்கும் மேல் வேண்டும். அதை இழையாக இழுப்பதோ 2000 டிகிரி அளவில். இழையின் உள்ளகத்தில் ஜெர்மானியம் ஆக்சைடு கலந்திருப்பதால் அது தன்னைச் சூழ்ந்த கண்ணாடி உறையைவிட முன்னதாகவே இளகும். ஆறும்போது உறைதான் முதலில் விறைக்கும். இழுத்த விசையை உறையே சுமந்து, அந்தத் தகைவு இழைக்குள் உறைந்துபோகும். ஒளிவிலகல் எண்ணும் சற்று மாறும். அதனால் இழை ஓடும்போதே அதன் இழுவிசையை ஓயாமல் அளக்கிறார்கள்.

ஒளியிழை வழியே இணையம் வேகமாக ஓடுவதற்கு இத்தகைய பொறுமையான அளவீடுகளும் காரணம். ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில், ஆய்வகத்துக்குக் கண்ணாடி ஊதுபவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடுவதில்லை. பட்டறை பண்டக அறையாகிவிடுகிறது. வேதியியல் ஆசிரியர்களே, பாதுகாப்புக் கண்ணாடி அணிவித்து, புன்சன் அடுப்பில் ஒரு சோடாக் கண்ணாடிக் குச்சியை இளக்கி, மாணவர்கள் தங்கள் கையாலேயே ஓர் இழை இழுத்துப் பார்க்கச் செய்யுங்கள்.