விடை தெரிந்த கணக்கு

மழை கொட்டுகிறது. எதிரே அதலபாதாளம். அதைக் கடக்க ஒடுங்கலான ஒரு கல் பாலம்தான் வழி; பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. தவறி விழுந்தால் ராணுவக் கல்லூரியில் சேரும் கனவும் உயிரும் சேர்ந்தே போகும். வரிசையில் நிற்கும் வயலட்டின் பூட்ஸ் நன்றாகப் பிடிக்கும். சற்று முன்புதான் பழகிய ரியானனின் பூட்ஸோ அடிப்பக்கம் வழவழ. வயலட் தன் பூட்ஸில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவளுடையதில் ஒன்றைத் தான் மாட்டிக்கொள்கிறாள். இப்போது இருவருக்கும் ஒரு கால் நிற்கும், ஒரு கால் வழுக்கும்.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' நாவலில் வரும் இந்த இடத்துக்கு, நோட்டுப்புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு டிக் விழுந்திருக்கிறது. நோட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள் விட்டுப்போன புத்தகத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. "ஐம்பது பக்கம் படிச்சுப் பாருங்க அத்தை, பிடிக்கலைன்னா மூடி வச்சிடுங்க" என்றாளாம். அத்தை மூடி வைக்கவில்லை.

காதலும் மாயாஜாலமும் கலந்த இந்த வகைக்கு ஆங்கில வாசகர்கள் 'ரொமான்டஸி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டீச்சர் இதற்கு மார்க் போடும் முறை எளிது. காதல் கதையில் விடை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு பேரும் சேரப்போகிறார்கள். ஆகவே விடைக்கு மார்க் இல்லை. ஸ்டெப் மார்க் மட்டும்தான். டிராகனும் மந்திரமும் அந்த ஸ்டெப்புக்குள் வர வேண்டும். ஓரமாக அலங்காரத்துக்கு நின்றால் பூஜ்யம்.

இந்த அளவுகோலில் 2023 மே மாதம் வந்த 'ஃபோர்த் விங்' நன்றாகவே தேறுகிறது. எழுத்தர் பிரிவில் சேர்ந்து புத்தகங்களோடு காலம் தள்ள நினைத்த வயலட்டை, தளபதியான தாயே டிராகன் வீரர் பிரிவுக்குத் துரத்துகிறாள். வயலட்டின் மூட்டுகள் சட்டென்று நழுவும். எலும்பும் எளிதில் முறியும். யாரோஸுக்கே எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் கோளாறு உண்டு. அந்த அனுபவம்தான் வயலட்டின் உடம்பு. சண்டைப் பயிற்சியில் பலத்தால் ஜெயிக்க முடியாதவள், எதிராளிக்கு முன்கூட்டியே லேசாக விஷம் வைத்து ஜெயிக்கிறாள். "கெட்டிக்காரி" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார் டீச்சர்.

அவள் காதலிக்கப்போகும் ஸேடன், கலகத் தலைவனின் மகன். அந்தத் தலைவனைச் சாவுக்கு அனுப்பியதில் வயலட்டின் தாய்க்குப் பெரும் பங்கு உண்டு. பகைக்கு இது போதும். ஆனால் யாரோஸ் இதோடு நிற்கவில்லை. வயலட்டைத் தேர்ந்தெடுக்கும் டெர்ன் என்ற பெரிய கறுப்பு டிராகனும், ஸேடனின் ஸ்கேல் என்ற நீல டிராகனும் ஜோடி. ஒன்றைவிட்டு ஒன்று அதிக நாள் பிரிந்திருக்காது. டிராகனின் உயிரோடு வீரனின் உயிரும் பிணைந்திருப்பதால், வயலட்டைக் கொன்றால் ஸேடன் தன்னையே கொன்றதாகிவிடும். டிராகனை உருவிவிட்டால் இந்தக் காதல் கதை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். டீச்சர் கேட்பது இதைத்தான்.

அடுத்த பாகம் 'அயர்ன் ஃப்ளேம்' அதே ஆண்டு நவம்பரில், ஆறே மாதத்தில் வந்தது. 600 பக்கத்துக்கு மேல். அந்த அவசரம் தெரிகிறது. "என்னிடம் ஏன் மறைத்தாய்?" என்று வயலட் கேட்பதும், "எல்லாவற்றையும் சொல்ல முடியாது" என்று ஸேடன் நழுவுவதும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடக்கின்றன. நாலாவது முறை வந்தபோது டீச்சர் எழுதியது: "இந்த ஸ்டெப் மேலே போட்டாச்சு." பத்து மார்க் குறைத்திருக்கிறார். கொஞ்சம் கூடுதல் கண்டிப்பாகவே தோன்றுகிறது; இறுதிப் போர்க் காட்சிகளுக்காக ஐந்தையாவது திருப்பித் தரலாம்.

மூன்றாவது பாகம் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்', 2025 ஜனவரி 21 அன்று வெளியாகி முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரியவர்களுக்கான நாவல்களில் இருபது ஆண்டுகளில் இத்தனை வேகமாக விற்றது வேறில்லை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஐந்து பாகங்கள் என்பது திட்டம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஆளை அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். 1950 முதல் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களும் இப்படித்தான் தொங்கினார்கள். அவர்களுக்கு ஒரு வாரத்தில் விடுதலை கிடைத்தது. இங்கே வருடக்கணக்கு.

கதை முன்பே தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடலாம். நோட்டில் இருக்கும் இன்னொரு வரிசையின் முதல் பாகம், சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோஸஸ்', 2015-இல் வந்தது. வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஃபேரா, ஒரு ஓநாயைக் கொன்ற குற்றத்துக்காக மாய உலகுக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். அங்கே டாம்லினைக் காதலித்து, அவனுக்காகச் செத்தும் பிழைக்கிறாள். சுபம். இங்கேயே முடித்திருந்தால் சாதாரணப் புத்தகம். 2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மாஸ் போட்ட விடையைத் தானே அடித்துவிட்டார். நடந்த கொடுமைகளை நினைத்து ஃபேரா இரவில் எழுந்து வாந்தி எடுக்கிறாள். பக்கத்தில் படுத்திருக்கும் டாம்லின் எழுந்துகூட வருவதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு நாள் அவளை மாளிகைக்குள் அடைத்தும் விடுகிறான். உயிரைக் கொடுத்துப் பெற்ற காதல், கூடிவாழ லாயக்கில்லாமல் போவதை இவ்வளவு துணிச்சலாக இந்த வகையில் வேறு யாரும் எழுதவில்லை என்பது டீச்சரின் கட்சி.

புகாரும் உண்டு. அடுத்து வரும் நாயகன் ரைசாண்டுக்கு வயது ஐந்நூறைத் தாண்டிவிட்டது. ஃபேரா இருபதை ஒட்டியவள். "இத்தனை நூற்றாண்டில் ஒரு வரன் அமையவில்லையா?" என்பது நோட்டுக் குறிப்பு. இன்னொரு விஷயம் பெற்றோருக்கு. வாசகர்கள் 'காரம்' என்று மிளகாய்ப் படம் போட்டுக் குறிக்கும் படுக்கையறைக் காட்சிகள் இந்த வரிசையில் ஏராளம். முதலில் பதின்வயதினர் அலமாரியில் இருந்த நூல்களைப் பதிப்பகம் 2020-இல் புது அட்டையோடு பெரியவர்கள் பக்கம் மாற்றியது. டீச்சருக்கு அந்தப் பக்கங்களில் சங்கோஜம் எதுவும் இல்லை. அங்கே கதை நகராமல் நின்றுவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

மாயம் துளியும் இல்லாத எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' (2022) ஒன்றும் நோட்டில் இருக்கிறது. நகரத்துக் காதலியைக் கைவிட்டு, சிற்றூர்ப் பெண்ணைக் கட்டும் நாயகன்களை அமெரிக்கக் காதல் கதைகளில் நிறையப் பார்க்கலாம். அப்படிக் கைவிடப்படும் நகரத்துப் பெண்ணையே, நோரா என்ற இலக்கிய ஏஜென்டையே, ஹென்றி நாயகியாக்கியிருக்கிறார். பேச்சு பட்டாசு. தங்கையின் கதை வரும் இடங்களில் அழவும் வைக்கும்.

டாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) உலக ஃபேன்டஸி விருது பெற்றது. நம்மூர்ப் பெயர்கள், பாழடைந்த கோயில், அதில் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி, வேலைக்காரி பிரியா. சிதையில் இறங்கச் சொன்ன அண்ணனுக்கு மறுப்புச் சொன்னதுதான் மாலினியின் குற்றம். மனித உடம்பில் இலையும் கொடியும் முளைக்கும் கொள்ளைநோய் ஒன்று வருகிறது. படித்துவிட்டு உடனே தூங்க முடியாது. இரு பெண்களின் காதல், நம்பிக்கைக்கும் சூழ்ச்சிக்கும் நடுவே ஊசலாடுவது அசல். ஆனால் கதை சொல்ல ஆள் அதிகம். அத்தியாயத்துக்கு ஒருவர் வாயைத் திறந்தால் சூடு ஆறிவிடுகிறது.

நோட்டில் முதல் இடம் ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023) நாவலுக்கு. ஒரே பத்திரிகையில் ஒரே பதவிக்கு மோதும் ஐரிஸ், ரோமன். போருக்குப் போய்த் தகவலே இல்லாத அண்ணனுக்கு, பாட்டியின் டைப்ரைட்டரில் கடிதம் அடித்து அலமாரிக் கதவின் அடியில் தள்ளுகிறாள் ஐரிஸ். அது போய்ச் சேருவது ரோமனின் அறைக்கு. பெயர் சொல்லாமல் பதில் போடுகிறான். பகலில் அலுவலகத்தில் முறைப்பு, இரவில் கடிதம். மாயம் என்பது ஒரு டைப்ரைட்டரும் ஒரு கதவிடுக்கும்தான். மொத்தக் காதலும் அதன் வழியாகவே வருகிறது. தெய்வங்கள் மோதும் போர்ப் பகுதி மட்டும் மங்கல். நூற்றுக்கு எண்பத்தெட்டு போட்டிருக்கிறார்.

இந்த வகையை இதுவரை தொடாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். முதல் பாகம் நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விடும் என்பதால், தொடர்ச்சியான 'ரூத்லெஸ் வௌஸ்' நூலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.