விடியற்காலைப் பசிக்கு ஒரு சொசேஜ் றோல்

இரவு வேலை முடித்து வருபவரும் பகல் வேலைக்குப் புறப்படுபவரும் வாசலிற் சந்தித்துக்கொள்ளும் வீடுகள் எம்மவரிடையே பல உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே, நியூ ஜேர்சியாயினும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியாயினும் ரெக்சாஸ் ஆயினும், நிலைமை ஒன்றுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு இடியப்பம் பிழியவோ பிட்டு அவிக்கவோ எவருக்கும் நேரம் இருப்பதில்லை. பெரியவர்கள் வெறுந்தேநீருடன் புறப்படுகின்றனர். பிள்ளைகள் குளிர்ந்த பாலிற் சோளப்பொரியைக் கொட்டி விழுங்கிவிட்டுப் பாடசாலை பேருந்துக்கு ஓடுகின்றனர். ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு கிழமைக்குரிய சுடுசுடு காலையுணவைக் குளிர்பெட்டியிற் சேமித்து வைக்கலாம். பிரித்தானியரின் சொசேஜ் றோல் அதற்கு ஏற்றதொரு பண்டமாகும்.

இது எமக்கு அந்நியமான உணவன்று. எமது ஊர்களின் தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பற்றீஸ், றோல்ஸ், மீன் பணிஸ் ஆகியவற்றை யார் மறப்பர்? பாணும் போறணையும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். பணிசும் பற்றீசும் ஆங்கிலேயர் வழியாக வந்தவை. வந்தவற்றையெல்லாம் மிளகாயும் கறிவேப்பிலையும் இட்டு எமதாக்கிக்கொண்டோம். 19 ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களில் மலிவாக விற்கப்பட்ட சொசேஜ் றோலையும் அவ்வாறே எமதாக்கிக்கொள்ளலாம்.

ரெக்சாசில் அகதிகள் சுடும் பண்டம்

ரெக்சாசில் வாழ்பவர்கள் இதன் உறவுப் பண்டமொன்றை நாளாந்தம் காண்கின்றனர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கு குடியேறிய செக் மக்கள், கொலாச்சி எனப்படும் இனிப்புப் பணிசைக் கொண்டுவந்தனர். நடுவிற் பழக்கூழ் வைத்துச் சுடுவது அது. பின்னர் வெஸ்ற் என்னும் சிறு நகரத்து வெதுப்பகம் ஒன்றில், 1950களில், அதே மாவுக்குள் சொசேஜை வைத்துச் சுடும் வழக்கம் தோன்றியதாகக் கூறுவர். செக் வழிவந்தோர் இதனைக் கிளபாஸ்னிக் என அழைப்பர். ஏனையோர் இதையும் கொலாச்சி என்றே கேட்டு வாங்குகின்றனர்.

இன்று ரெக்சாசின் டோனட் கடைகளில் விடியுமுன்னே இதனைச் சுட்டு அடுக்குபவர்களிற் பலர் கம்போடிய அகதிகளும் அவர்தம் பிள்ளைகளுமாவர். இதன் தொடக்கம் கலிபோர்னியாவில் உள்ளது. 1975 இல் கம்போடியா வீழ்ந்தபோது தப்பி வந்து, காம்ப் பென்டில்டன் முகாமில் தங்கவைக்கப்பட்டவர் ரெட் நொய். விஞ்செல்ஸ் என்னும் கடையில் தொழில் பயின்ற அவர், 1977 இல் லா ஹாப்ரா நகரில் கிறிஸ்ரீஸ் என்ற டோனட் கடையைச் சொந்தமாக வாங்கினார். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட அகதிக் குடும்பங்களுக்குப் பொறுப்பு நின்று, தொழில் கற்பித்து, கடைகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். சூதாட்டத்தில் அனைத்தையும் இழந்ததை அவரே பின்னாளிற் சொல்லியிருக்கிறார். எனினும் அவர் கற்பித்த தொழில் பல குடும்பங்களை வாழவைத்தது. ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத, கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் செய்யக்கூடிய வேலை அது.

தேவையான பொருட்கள்

உறைநிலையில் விற்கப்படும் பஃப் பேஸ்ற்றி ஒரு பெட்டி (இரண்டு தாள்கள், ஏறக்குறைய 490 கிராம்), அரைத்த கோழியிறைச்சி அல்லது வான்கோழியிறைச்சி ஒரு இறாத்தல் (450 கிராம்), பாண் தூள் அரைக் கோப்பை, சிறிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, உள்ளி இரண்டு பல், கறிவேப்பிலை ஒரு நெட்டு, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று.

பாண் தூள் சேர்ப்பதே பிரித்தானிய முறையின் அடையாளம். அமெரிக்கச் சொசேஜில் இது பெரும்பாலும் இராது. இறைச்சியிலிருந்து கசியும் சாற்றையும் கொழுப்பையும் பாண் தூள் உறிஞ்சிக்கொள்வதால் உள்ளீடு மென்மையாக இருக்கும், அடிப்பகுதியும் ஊறிப்போகாது. கோழியிற் கொழுப்புக் குறைவாதலால் எண்ணெய் தேவைப்படுகிறது.

கடையில் ஆயத்தமாக விற்கும் கோழிச் சொசேஜை வாங்குவோர் பொதியில் எழுதியிருப்பதை வாசித்தல் நன்று. இறைச்சி கோழியாயினும் மேலுறை பன்றியின் குடலாக இருப்பதுண்டு. சில பேஸ்ற்றி வகைகளிலும் பன்றிக்கொழுப்புச் சேர்க்கப்படுகிறது. அரைத்த இறைச்சியை வாங்கி நாமே பிசைந்தால் முதலாவது ஐயத்துக்கு இடமில்லை. நியூ ஜேர்சியின் ஓக் ற்றீ றோட், ஹியூஸ்ரனின் ஹில்குறொவ்ற் அவென்யூ, விரிகுடாப் பகுதியின் பிறீமொன்ற் ஆகிய இடங்களிலுள்ள தெற்காசியக் கடைகளில் மசாலாப் பொருட்கள் யாவும் கிடைக்கும். சைவ உணவினர் சோயாமீற்றை ஊறவைத்துப் பிழிந்து அரைத்து, அவித்த உருளைக்கிழங்குடன் சேர்த்துப் பயன்படுத்தலாம். பிரித்தானியாவின் கிறெக்ஸ் நிறுவனமே 2019 ஜனவரியில் இறைச்சியற்ற சொசேஜ் றோலை விற்பனைக்கு விட்டது.

செய்முறை

பேஸ்ற்றியை முதல்நாளிரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிடவும். அதன் மெல்லிய மடிப்புகளுக்கிடையே கொழுப்பு உறைந்திருக்கிறது. போறணையின் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகி மடிப்புகளை உயர்த்துகிறது. சுடுமுன்னே கொழுப்பு உருகிவிட்டால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும், பேஸ்ற்றி எழும்பாது. ஆகவே மாவு எப்போதும் குளிராக இருக்கவேண்டும்.

வெங்காயம், மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து இறைச்சி, பாண் தூள், எண்ணெய், தூள் வகைகள், உப்பு ஆகியவற்றுடன் பிசையவும். உப்புப் பார்ப்பதற்குச் சிறிதளவைச் சட்டியிற் பொரித்துச் சுவைக்கவும். பச்சை இறைச்சியை வாயிற் போடவேண்டாம். ஒவ்வொரு தாளையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் உள்ளீட்டைக் கயிறு போல் நீட்டி வைத்து, ஓரத்தில் அடித்த முட்டையைத் தடவி, மடித்து ஒட்டவும். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் பதினாறு துண்டுகள் கிடைக்கும். மேலே இரண்டு கீறல் இட்டு முட்டை தடவி, 400 பாகை பரனைற் (ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ்) சூட்டில் 25 நிமிடம் வரை பொன்னிறமாகச் சுடவும். கோழி, வான்கோழி உள்ளீட்டின் நடுவில் வெப்பம் 165 பாகை பரனைற்றை எட்டவேண்டும்.

சேமிக்க விரும்புவோர் சுடுவதற்கு முன் துண்டுகளைத் தட்டில் பரப்பி உறையவைத்து, பின்னர் பையிலிட்டுக் கட்டவும். காலையில் இளகவிடாமலே போறணையில் இட்டு 35 நிமிடம் வரை சுடலாம். குளித்து உடைமாற்றி வரும் நேரத்தில் உணவு ஆயத்தமாகிவிடும். ஓய்வு நாட்களில் பொரித்த முட்டையும், வாட்டிய தக்காளியும் காளானும், ரின்னில் வரும் பீன்சும் சேர்த்தால் முழுமையான பிரித்தானியக் காலையுணவு. அமெரிக்க பீன்சில் இனிப்பு அதிகம், பன்றியிறைச்சியும் கலந்திருக்கலாம் என்பதை மறவாதீர்.

விற்க எண்ணுவோர் கவனத்திற்கு

சுவையாக வந்துவிட்டால், தெரிந்தவர்களுக்கு விற்றுப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ரெக்சாஸ் 2011 இலும், கலிபோர்னியா 2012 இலும் வீட்டில் வெதுப்பிய பண்டங்களை விற்க வழிசெய்யும் சட்டங்களை இயற்றின. நியூ ஜேர்சி 2021 ஒக்ரோபரில் அனுமதித்தது. ஆனால் இறைச்சி அடங்கிய பண்டங்கள் இவற்றில் அடங்கா. கலிபோர்னியாவில் 2018 இல் இயற்றிய வேறொரு சட்டம் வீட்டுச் சமையலை விற்க இடமளிக்கிறது. எனினும் அதனை ஏற்றுக்கொண்ட கவுண்டிகளில் மட்டும், உரிய அனுமதிப்பத்திரத்துடனேயே அது செல்லும். அகதி அந்தஸ்துக் கோரி வேலை அனுமதிக்குக் காத்திருப்போர் மேலும் அவதானமாக இருத்தல் வேண்டும். சொந்தச் சிறுவிற்பனையும் வேலையாகவே கொள்ளப்படக்கூடும். பத்து டொலர் வருமானத்திற்காக வழக்கைச் சிக்கலாக்காது, முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அனுமதி வரும்வரை இது வீட்டு உணவாகவே இருக்கட்டும். ஞாயிறன்று பிசையும் வேலையைத் தாயும், மடிக்கும் வேலையைப் பிள்ளைகளும், சுடும் வேலையைத் தந்தையும் பகிர்ந்துகொண்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலை நேரங்கள் பிரித்துவைத்த குடும்பம் அந்த ஒரு மணி நேரமாவது ஒரே மேசையைச் சுற்றி நிற்கும்.