வேலி தடுக்கலாம், கொல்லக் கூடாது

நீலகிரியின் கூடலூரிலும் பந்தலூரிலும் வேலி என்பது ஆடம்பரம் அல்ல. ஒரு பக்கம் முதுமலை, மறுபக்கம் வயநாடு. இரண்டுக்கும் நடுவே தேயிலைத் தோட்டங்கள், வீடுகள், வாழை, பாக்கு. அரிசி தேடி வீடுகளை இடித்த பிஎம்-2 என்ற மக்னா (தந்தமில்லா ஆண்) யானையை 2022 டிசம்பரில் வனத்துறை பிடித்து முதுமலைக் காட்டில் விடவேண்டியிருந்தது. திருட்டுப் பயமும் சேர்ந்துகொள்ள, காம்பவுண்ட் சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பவர்களும் முள்கம்பி சுற்றுபவர்களும் உண்டு. சிலர் வீட்டுக் கரண்டையே கம்பியில் இழுத்துவிடுகிறார்கள். இவை எல்லாமே ‘பாதுகாப்பு’ என்ற ஒரே பெயரில் வழங்கினாலும், சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. உள்ளே வராமல் தடுப்பது உரிமை. வருபவர் அறியாதபடி காயமோ சாவோ காத்திருக்கச் செய்வது குற்றம்.

‘என் இடத்துக்குள் நுழைந்தவன் பட்டால் அவன் தப்புதானே’ என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1963-லேயே பதில் சொல்லிவிட்டது. செரூபின் கிரிகரி எதிர் பீகார் மாநிலம் என்ற அந்த வழக்கில், தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துவதை விரும்பாத ஒருவர், போகும் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. கம்பியில் பட்டு ஒரு பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர் என்பதால் மட்டும் ஒருவருடைய உயிருக்குக் காப்பு போய்விடாது, அப்படி வருபவர்களுக்காகப் பொறி வைக்க நில உரிமையாளருக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது அக்குற்றத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது 5 ஆண்டு. மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்ததாகக் கருதப்பட்டால் 105-ஆம் பிரிவின் கீழ் இன்னும் கடுமையான தண்டனைக்கு இடமுண்டு.

சொத்தைக் காக்கும் தற்காப்புரிமை சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் தேவைக்கு மீறிய தீங்கு கூடாது என்ற வரம்போடு. நேரில் நிற்கும் மனிதர் திருடனையும் பந்தெடுக்க ஏறிய பிள்ளையையும் பிரித்தறிவார். கம்பிக்கு அந்த விவேகம் கிடையாது. உயரமான சுவரின் உச்சியில், வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் முள்கம்பி ‘ஏறாதே’ என்று சொல்லிவிடுகிறது. கை வைக்கும் உயரத்தில், கொடி படர்ந்து மறைந்த கண்ணாடிச் சில்லு சொல்லாமலே வெட்டுகிறது. கண்ணுக்குத் தெரிகிறதா, வழிப்போக்கர் கை எட்டாத உயரத்தில் இருக்கிறதா, எச்சரிக்கை எழுதியிருக்கிறதா, உயிர் போகாத அளவா என்ற நான்கையும் பார்த்தே எந்த வேலியையும் எடைபோட வேண்டும்.

மின்வேலியில், தடுப்பதற்கும் கொல்வதற்கும் உள்ள வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. முறையான சோலார் வேலியில் எனர்ஜைசர் என்ற கருவி, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை, கண நேர அதிர்வை மட்டுமே அனுப்புகிறது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆற்றல் குறைவு. இரண்டு அதிர்வுக்கு நடுவே தொட்டவர் கையை எடுத்துவிடலாம். வீட்டு இணைப்பின் 230 வோல்ட் இடைவெளியின்றிப் பாய்ந்து தசைகளை இறுக்கிவிடும். கம்பியைப் பிடித்த கை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 பெண் யானைகள் இறந்தன, 2 குட்டிகள் பிழைத்தன, நிலத்துக்காரர் கைதானார். யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு மனித உயிரைக் காக்கும் தருணத்துக்கு விலக்களிக்கிறது. பயிரைக் காக்க யானையைக் கொல்வதற்கு அல்ல. கொக்கி போட்டு எடுத்த மின்சாரமாயின் மின்திருட்டு வழக்கும் சேரும்.

‘ஒரே இரவில் வாழை முழுதும் போகிறது, சட்டம் சோறு போடுமா’ என்ற கோபம் நியாயமானது. இழப்பீடு தாமதமாகும்போது அந்தக் கோபம் கூடவே செய்யும். ஆனால் கொல்லும் கம்பி முதலில் பதம்பார்ப்பது விடியலில் குறுக்குவழியில் வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளியை, மேயும் மாட்டை, வீட்டுக்காரரையே. காப்புக்காடுகளுக்கு அருகே சோலார் வேலி உள்ளிட்ட மின்வேலிகளுக்கு அனுமதியும் பதிவும் கோரும் விதிகளைத் தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்தது. அவற்றின்படி வனத்துறையிடம் விண்ணப்பித்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் செலவு பகிரப்படும். கம்பியில் படரும் களையை வெட்டவும் ஆளிருக்கும். களை தொட்டால் வேலியின் வலு குறையும், யானையும் அதைக் கண்டுகொள்ளும். வேலி எதுவானாலும், பயிர் அழிந்தால் உடனே படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் நிவாரணம் கோருங்கள்.

பாதிக்கப்படும் பக்கத்துக்கும் வழியுண்டு. ஆபத்தான கம்பியைக் கண்டால் தொடாமல், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ புகார் மைய எண் 94987 94987-க்குச் சொல்லலாம். 20 ஆண்டு தடையின்றி உரிமையோடு நடந்துவந்த பாதையை அடைத்தால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். பழைய ஜென்மி முறை நிலங்களின் உரிமைச் சிக்கல் தீராத கூடலூரில் இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது: வேலி பட்டா ஆகாது. நிலம் தன்னுடையது என்று நிறுவ வேலி உதவாது. அந்த வேலியில் ஓர் உயிர் போனால், நிலம் யாருடையது என்ற வழக்கு முடியும்வரை குற்றவழக்கு காத்திருக்காது.